ஜூலியை எந்த வீட்டுக்கு அனுப்புவது?

கேள்வி: அக்கா, நான் தேனி மாவட்டம் கூடலூர். நானும் நண்பர்கள் மூன்று பேரும் சேர்ந்து ஊருக்கு வெளியே ஒரு பழைய மாட்டுக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, யாரோ விட்டுப்போன நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். இப்போது 11 நாய்கள். அதில் ஜூலிக்குப் பத்து மாதம். பொட்டை, செவலை நிறம், வாய் மட்டும் கறுப்பு. கம்பம்மெட்டு ரோட்டோரம் அட்டைப்பெட்டியில் கிடந்தவள். குக்கர் விசிலுக்கே நடுங்குவாள். இரண்டு வீடுகளுக்குக் கொடுத்தோம், இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டாள். முதல் வீட்டில் நான்கு மாதக் குட்டியாகப் போய் ஒன்பதே நாள். செருப்பு, துணி எல்லாவற்றையும் கடிக்கிறாள் என்றார்கள். அடுத்த வீட்டில் மூன்று மாதம் இருந்தாள். பருவத்துக்கு வந்ததும் வாசலில் ஆண் நாய்கள் கூடுகின்றன என்று போன மாதம் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது 'ராசியில்லாத நாய்' என்று பேச்சு. மூன்று பேர் அவளைக் கேட்டிருக்கிறார்கள். வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டக்காரர், காவலுக்கு. கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் எழுபது வயது தாண்டிய தம்பதி, துணைக்கு. குமுளியில் வாடகை வீட்டில் தையல் வேலை பார்க்கும் ஓர் அக்கா, 12 வயது மகனுடன். அவர் மட்டும் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். 'கோம்பை கிராஸ்' என்று போட்டோவோடு போட்டால் இதைவிட நல்ல இடம் வரும் என்கிறான் நண்பன். என்ன செய்யலாம்?
பெயர் வேண்டாம், கூடலூர்

பதில்: தங்கச்சி, ஜூலி இரண்டு முறை திரும்பி வந்ததற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நான்கு மாதத்தில் குட்டிக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். ஈறு அரிக்கும்போது எது கிடைத்தாலும் கடிக்கும். ஆறு, ஏழு மாதத்தில் பல் முழுவதும் வந்துவிடும், அதன்பிறகும் கொஞ்ச காலம் கடிக்கிற பழக்கம் இருக்கும். பொட்டை நாய்க்கு முதல் பருவம் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் நடுவில் வரும். இரண்டு வீட்டிலும் நடந்தது அந்தந்த வயதுக்கு உரியது. இதை முன்கூட்டியே யாராவது அவர்களிடம் சொல்லியிருந்தால் முதல் வீட்டுக்காரர்கள் செருப்பை மேலே எடுத்து வைத்திருப்பார்கள். ராசியைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் இதையே சொல்லுங்கள்.

அதற்காக உங்களைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 11 நாய்களுக்குத் தினமும் சோறு வடிக்கிறவர்களுக்கு, ஒன்றுக்கு வீடு கிடைத்தாலே பெரிய விஷயம் என்றுதான் தோன்றும். ஆனால் மூன்றாவது முறையும் அவள் திரும்பி வரக்கூடாது. அதனால் நாயைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லிக் கொடுங்கள். கேட்டுவிட்டுப் பின்வாங்குகிறவர் பின்வாங்கட்டும்.

'கோம்பை கிராஸ்' யோசனையை விட்டுவிடுங்கள். கோம்பை எங்கள் உத்தமபாளையத்துக்குப் பக்கத்து ஊர். அந்த ஊர்ப் பெயரில் இருக்கும் நாய் காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் பேர்போனது. செவலை உடம்பும் கருவாயும் இருக்கிற நாயெல்லாம் கோம்பை ஆகிவிடாது. கோம்பை என்று கேட்டு வருகிறவர் முரட்டு நாயைத் தேடி வருவார். அவர் வீட்டில் குக்கர் விசிலுக்கு நடுங்கும் ஜூலி என்ன ஆவாள் என்று யோசித்துப் பாருங்கள். நாட்டு நாய் என்றே எழுதுங்கள். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய உடம்பு அவளுக்கு, அதில் சொல்லக் கூசுவதற்கு ஒன்றும் இல்லை.

இப்போது மூன்று வீடுகள்.

ஏலத்தோட்டத்துக்கு வேண்டாம். இதை நான் யோசித்துத்தான் சொல்கிறேன். காவலுக்கு என்று கேட்டால் பெரும்பாலும் சங்கிலி, கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கூண்டு, ராத்திரி தனிமை. மலைத்தோட்டங்களில் சிறுத்தை கட்டிப்போட்ட நாயைத் தூக்குவது புதிதில்லை. கட்டில் இருக்கிற நாய் ஓடவும் முடியாது. ஏலத்துக்கு அடிக்கடி மருந்தடிப்பார்கள். செடிக்குள் புகுந்து வரும் நாய் காலையும் வயிற்றையும் நக்கும், அந்த மருந்து உள்ளே போகும். ஜூன் பிறந்தால் மாதக்கணக்கில் மழை, அட்டை, உண்ணி. இவ்வளவையும் தாங்கி நன்றாக வாழ்கிற தோட்டத்து நாய்கள் உண்டு, ராத்திரி வீட்டுக்குள் படுக்கவைத்து அவற்றைப் பிள்ளைபோல வளர்க்கிற தோட்டக்காரர்களும் உண்டு. ஆனால் பயந்த சுபாவம் உள்ள பத்து மாத நாய்க்கு அது சரியான இடம் இல்லை.

இதில் என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் கிடந்த குட்டி ஒன்றைக் காரில் வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தேன். நன்றாகப் பேசினார்கள், குட்டியைக் குழந்தைபோலத் தூக்கிக்கொண்டார்கள். எங்கே படுக்கும், யார் சோறு வைப்பார்கள், ஊருக்குப் போனால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு முழச் சங்கிலியில் அது நின்றது. என்னைப் பார்த்து வாலாட்டியது. பேசிப் பேசித் திரும்ப வாங்கிவர எனக்கு ஆறு வாரம் ஆனது. அன்றிலிருந்து வீட்டைப் போய்ப் பார்க்காமல் யாருக்கும் குட்டி கொடுப்பதில்லை.

கம்பத்துத் தம்பதிமேல் எனக்கு மரியாதை உண்டு. பிள்ளைகள் வெளியூரில் இருக்கும்போது வீட்டில் ஓர் உயிர் வேண்டும் என்று கேட்பது எனக்குப் புரிகிறது. ஆனால் பத்து மாத நாய் வாரை இழுத்துக்கொண்டு ஓடும், மேலே தாவும். எழுபது வயதில் ஒருமுறை கீழே விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். உங்கள் கொட்டகையில் ஆறேழு வயதான அமைதியான நாய் ஏதாவது இருக்கும். அதைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு நாள் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள். வயதான நாயை யாரும் கேட்பதில்லை, அதற்கும் ஒரு வீடு கிடைக்கும்.

எந்த நாயைக் கொடுத்தாலும் அவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். திராட்சை நாய்க்கு விஷம். நம் பள்ளத்தாக்கில் இது பலருக்குத் தெரியாது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகச் சொல்கிறோம், பந்தலுக்கடியில் உதிர்ந்து கிடப்பதை நாய் பொறுக்கித் தின்றால் சிரித்துக்கொண்டு பார்க்கிறோம். சில நாய்களுக்குக் கொஞ்சம் தின்றாலே சிறுநீரகம் செயலிழந்துவிடும். பழத்தில் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று கால்நடை மருத்துவர்கள் கருதுகிறார்கள். உலர்திராட்சைக்கும் இதே கதைதான், பாயசத்தில் மிதக்கிற நாலு பழமும் வேண்டாம். தின்றுவிட்டது தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சோர்ந்து படுத்து, சிறுநீர் குறைந்த பிறகு காப்பாற்றுவது கடினம். பந்தலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி இருந்தால்தான் அங்கே நாயைக் கொடுக்கலாம்.

எனக்குப் பிடித்தது குமுளி வீடுதான். வீடு சிறியதோ வாடகையோ, அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நாள் முழுக்க வீட்டில் ஒரு ஆள் இருக்கிறார், ஒரு பையன் இருக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் இரண்டாவது முறையும் வந்தார். போட்டோவைப் பார்த்துப் பரிதாபப்படுகிறவர் போனில் கேட்பார்; இரண்டாவது முறை மலையிறங்கி வருகிறவர் யோசித்து முடிவெடுக்கிறவர்.

ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். வீட்டுக்காரர் நாய்க்குச் சம்மதித்திருக்கிறாரா? வாய்வார்த்தை போதாது, நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள். வீடு மாறினால் அவளையும் கூட்டிப் போவார்களா? பிறகு தையல் வீட்டுக்கென்றே ஒரு ஆபத்து உண்டு: நூலும் ஊசியும். எதையும் கடிக்கிற வயதில் இருக்கும் நாய் நூலை விழுங்கினால் அது குடலைச் சுருக்கி அறுத்துவிடும். நூல்கண்டும் ஊசியும் மூடி போட்ட டப்பாவில் இருக்க வேண்டும், மிஷினைச் சுற்றிக் கூட்டிய பிறகே அவளை அவிழ்த்துவிட வேண்டும். வாயிலிருந்தோ பின்புறமோ நூல் தொங்கினால் இழுக்கக்கூடாது, அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மிஷின் சத்தத்துக்கு ஜூலி எப்படி இருக்கிறாள் என்பதும் தெரிய வேண்டும். ஒரு மத்தியானம் அவளை அங்கே கூட்டிப் போய், மிஷின் ஓடும்போது தூரத்தில் உட்காரவைத்து, கையிலிருந்து முட்டைத் துண்டு கொடுத்துப் பாருங்கள். சாப்பிட்டால் பழகிவிடுவாள். சாப்பிடவே மறுத்தால் இன்னும் இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும்.

அனுப்புவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. போன மாதம் பருவத்தில் இருந்தாள், வாசலில் ஆண் நாய்கள் இருந்தன என்கிறீர்கள். சினை பிடித்திருக்கிறதா என்று முதலில் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். நாய்க்குச் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்தான், புது வீட்டில் போய்க் குட்டி போட்டால் மூன்றாவது முறையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சினை இல்லை என்றால், பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கருத்தடை ஆபரேஷன் செய்யச் சொல்வார்கள். தேதியை மருத்துவரே குறிப்பார். அந்தச் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டு, முடிந்தபின் கொடுப்பதுதான் நல்லது. 'பொட்டைக்குட்டி வேண்டாம்' என்று பெட்டியில் வைத்து ரோட்டில் விடுகிற வழக்கம் ஓய வேண்டுமானால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில் போட்டிருப்பீர்கள். வருடம் ஒருமுறை திரும்பப் போட வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்களுக்கான கூட்டு ஊசிக்கும் அதேபோல் தேதி பாருங்கள். ஊசி அட்டையை அந்த அக்கா கையில் கொடுங்கள். குமுளி கேரளத்தில் இருக்கிறது; அங்கே வீட்டு நாய்க்குப் பஞ்சாயத்தில் லைசென்ஸ் எடுக்க வேண்டும், அதற்கு வெறிநோய் ஊசிச் சான்று கேட்பார்கள். பையனிடமும் ஒரு விஷயம் சொல்லுங்கள்: எந்த நாயின் பல் பட்டாலும், வீட்டு நாயே ஆனாலும், சோப்பு போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அம்மாவிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திட்டுவார்கள் என்று மறைக்கக்கூடாது.

கொண்டுபோகும் நாளில் மூன்று நான்கு மணி நேரம் முன்பே சோற்றை நிறுத்திவிடுங்கள். லோயர் கேம்ப் தாண்டியதும் வளைவுகளில் வாந்தி எடுப்பாள். முதல் மூன்று நாள் அவளை யாரும் தொட்டுக் கொஞ்ச வேண்டாம். சாப்பிடாமல் மூலையில் கிடக்கலாம். என்னிடம் இருக்கும் கருப்பன் வந்த புதிதில் நான்கு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை; ஐந்தாம் நாள் விடியற்காலையில் என் காலடியில் படுத்திருந்தான். வீட்டுப் பழக்கம் பிடிபட மூன்று வாரம், 'இது என் வீடு' என்று ஆவதற்கு மூன்று மாதம் ஆகும் என்பது காப்பகக்காரர்களின் கணக்கு. அந்த மூன்று மாதமும் வாரம் ஒரு போன் செய்யுங்கள். 'எப்படி இருக்கிறாள்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 'இந்த வாரம் எதைக் கடித்தாள், ராத்திரி எங்கே படுத்தாள்' என்று கேளுங்கள். முடியவில்லை என்றால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் கைமாற்றக்கூடாது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கொட்டகையில் அவள் படுக்கிற சாக்கு ஒன்று இருக்குமே, அதையும் கூடவே கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.