கோடையில் குற்றவியல் வழக்கறிஞர் வேலைச்சுமையை எப்படிச் சமாளிப்பது?

"மே மாதம் கோர்ட் லீவு என்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் மூச்சு முட்டுகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். லீவு சிவில் கோர்ட்டுக்குத்தான். சேலம் கோர்ட் வளாகம் இருக்கும் அஸ்தம்பட்டியில் சிவில் பக்கம் வெறிச்சோடிக் கிடக்கும்போதும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ரிமாண்டும் (கைதானவரைக் காவலில் வைக்கும் உத்தரவு) வாய்தாவும் நிற்காது. செஷன்ஸ் ஜாமீன் மனுக்கள் விடுமுறைக்கால நீதிபதி முன் குவியும். நீங்கள் சேலத்தில் தனியாக ஆபீஸ் வைத்திருக்கும் இளம் வக்கீல் என்று எண்ணிக்கொண்டு சொல்கிறேன்.

வெயிலைவிட, ஏதோ ஒரு தேதி தவறிவிடும் என்ற பயம்தான் ஆளைத் தின்னும். அதற்கு மருந்து ரிமாண்டுக்கென்றே ஒரு தனி நோட்டு. குற்ற எண், காவல் நிலையம், ரிமாண்ட் தேதி, 60 நாளா 90 நாளா, மனு போட வேண்டிய நாள். அந்த நாட்களுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் கட்சிக்காரர் ஜாமீனை உரிமையாகவே கேட்கலாம், அந்த மனுவைத்தான் சொல்கிறேன். மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டுக்குக் குறையாத தண்டனை என்றால் 90, மற்றவை 60. "பத்தாண்டு வரை" என்று மட்டும் உள்ள பிரிவில் 60 என்றே வாதாடுங்கள். ராகேஷ் குமார் பால் தீர்ப்பு (2017) கையில் இருக்கட்டும். கஞ்சா வழக்கில் வணிக அளவு என்றால் 180.

ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும். கபில் வாதவான் வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. ஏப்ரல் 1 ரிமாண்ட் என்றால் மே 30 அறுபதாவது நாள். குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால் 31ஆம் தேதி கோர்ட் தொடங்கும்போதே மனு உள்ளே போக வேண்டும். நீங்கள் மனு போட்ட பிறகு போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தாலும் உரிமை போகாது (ரவீந்திரன் வழக்கு, 2020). அவர்கள் முந்திவிட்டால் போயே போய்விடும். பிணை கொடுக்கத் தயார் என்ற வரியை மனுவில் விட்டுவிடாதீர்கள்.

"இது குமாஸ்தா வேலை" என்று சீனியர்கள் சிலர் சொல்லலாம். நாள் தவறினால் உள்ளே கிடப்பவர் கட்சிக்காரர். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவர்.

அடுத்து சூரிட்டி, அதாவது ஜாமீன்தாரர். ஆர்டர் வந்த பிறகு காகிதம் தேடினால் வெள்ளிக்கிழமை கிடைத்த ஜாமீனுக்குத் திங்கட்கிழமைதான் ஆள் வெளியே வருவார். கோடையில் ஜமாபந்தியும் (வருவாய்த்துறையின் ஆண்டுக் கணக்குத் தணிக்கை) சேர்ந்துகொள்ளும், வி.ஏ.ஓ. கையெழுத்து எளிதில் கிடைக்காது. மனு போடும் அன்றே இரண்டு பேரின் ஆதார், வீட்டு வரி ரசீது, போட்டோ எல்லாம் வாங்கி வைத்துவிடுங்கள். ஆத்தூர், சங்ககிரி வழக்குகளை ஒரே நாளில் போட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டும் எதிரெதிர்த் திசை. ஒன்றில் கட்சிக்காரர் வர முடியாவிட்டால் நேரில் வர விலக்குக் கேட்கும் 317 மனு (புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் இப்போது பிரிவு 355) முதல் நாளே தயாராக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிடிவாரண்ட்.

கறுப்பு கோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்திய பார் கவுன்சில் விதிப்படி உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் தவிர மற்ற இடங்களில் கோடையில் அது கட்டாயமில்லை. ஆனால் வெள்ளைச் சட்டையோடு கழுத்துப்பட்டையை விட்டுவிடாதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், மனசு தாங்கவில்லை. இந்த ஓட்டத்தையெல்லாம் ஜூனியர் தலையில் கட்டிவிட்டுப் பெட்ரோல் காசு மட்டும் கொடுக்கும் ஆபீஸ்கள் இன்னும் இருக்கின்றன. 2024இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கையே விட்டது, ஜூனியருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை: சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், சேலம் போன்ற மற்ற ஊர்களில் 15,000. உங்களிடம் ஜூனியர் இருந்தால் அதை மே மாதத்திலும் கொடுங்கள்.