மரவள்ளித் தோட்டத்துக்குப் பக்கத்தில் காட்டாமணக்கைப் பயிராக நடலாமா?

மேட்டாங்காடு, அதாவது மேட்டு நிலம், சும்மா கிடக்கிறது, பக்கத்துத் தோட்டத்தில் மரவள்ளி நிற்கிறது, காட்டாமணக்கும் அதற்குச் சொந்தக்காரச் செடிதானே, நட்டு விதை விற்றால் கட்டுப்படியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலிக்கு வேண்டுமானால் வையுங்கள், நிலத்துக்குள் பயிராக வைக்காதீர்கள். நாங்கள் ராசிபுரம் பக்கம். 2006இல் இரண்டு ஏக்கரில் நட்டு, ஐந்தாவது வருடம் வேரோடு பிடுங்கிப் போட்டவர்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் செடி எது என்பதில் குழப்பம் வேண்டாம். ஏரியிலும் வாய்க்காலிலும் ஊதாப் பூவோடு மண்டிக் கிடக்கிற நெய்வேலிக் காட்டாமணக்கு வேறு, அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நான் சொல்வது எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்தில் பொழியோரம், அதாவது வரப்போரம், வேலியாக நின்ற செடி. காம்பை ஒடித்தால் பால் வடியும், சின்ன வயதில் அருகம்புல்லை வளையமாக முடிந்து அந்தப் பாலில் தோய்த்து ஊதுவோம், குமிழி வானவில் நிறத்தில் பறக்கும். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துச் செடி இது, போர்ச்சுகீசியர்கள் வழியாக இந்தப் பக்கம் வந்தது. குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்கிற மரவள்ளி, ஆமணக்கு, ரப்பர் மரம் எல்லாம் இதே குடும்பம்தான். வெள்ளாடு வாய் வைக்காது, அதனால்தான் வேலிக்கு வைத்தார்கள்.

2003இல் மத்திய திட்டக்குழு அமைத்த குழு காட்டாமணக்கு விதையிலிருந்து பயோடீசல் எடுக்கலாம் என்று அறிக்கை கொடுத்த பிறகு ஊரெல்லாம் இதே பேச்சு. விதையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் என்பது உண்மைதான். எங்களிடம் வந்த ஒரு கம்பெனி ஆட்கள், தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், விதையை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு ஆயிரம் கன்று வைத்தோம். தண்ணீர் இல்லாமல் செடி சாகாது, அது சரி. ஆனால் காய்க்காது! உயிரோடு நிற்பதற்கும் காய்த்துக் கொடுப்பதற்கும் உள்ள தூரத்தை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு பூங்கொத்தில் முக்கால்வாசிக்கு மேல் ஆண் பூ, பெண் பூ ஏதோ நாலைந்துதான் இருக்கும். காய்த்ததும் ஒரே நேரத்தில் பழுக்காது, ஒரே கொத்தில் ஒன்று பச்சையாக, ஒன்று மஞ்சளாக, இன்னொன்று கருத்து வெடித்து நிற்கும், ஆகவே அதே செடிக்குத் திரும்பத் திரும்ப ஆள் போக வேண்டும், பறித்ததை உரிக்க வேறு ஆள் வேண்டும். நிலக்கடலை மாதிரி ஒரே நாளில் பிடுங்கி முடிக்கிற வேலை இல்லை இது. விதை விற்ற காசு பறிப்புக் கூலிக்கே பத்தவில்லை. மூன்றாம் வருடம் அந்தக் கம்பெனி ஆட்களின் போனும் எடுபடவில்லை.

இதையெல்லாம் விட நீங்கள் முக்கியமாக யோசிக்க வேண்டியது பக்கத்தில் இருக்கிற கிழங்குத் தோட்டத்தைத்தான். 2008இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்டுபிடித்த பப்பாளி மாவுப்பூச்சி உங்களுக்கு நினைவிருக்கும். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, காட்டாமணக்கு என்று ஒன்றையும் விடவில்லை. எங்கள் காட்டில் காட்டாமணக்குக் குருத்துகள் சுருண்டு, மாவு அப்பிய மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தன, தொட்டால் கை பிசுபிசுக்கும். அடுத்த சில வாரத்தில் வரப்புக்கு அந்தப் பக்கம் நின்ற கிழங்குச் செடியிலும் அதே வெள்ளை. மருந்து அடித்தும் அடங்கவில்லை, 2010இல் வெளிநாட்டிலிருந்து, மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் இந்தப் பக்கம் மாவுப்பூச்சி குறைந்தது. அப்புறம் தேமல் நோய். மரவள்ளியில் இலை மஞ்சள் திட்டாகிச் சுருங்குமே, அந்த வைரசுக்கு நெருங்கிய வகை காட்டாமணக்கிலும் இருப்பதை நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களே கண்டிருக்கிறார்கள், இரண்டிலும் பரப்புவது வெள்ளை ஈதான். வருடம் முழுக்க நிற்கிற ஒரு செடியைக் கிழங்குக்குப் பக்கத்தில் வைத்துப் பூச்சிக்கு வீடு கட்டிக் கொடுக்காதீர்கள்.

வேலிக்கு என்றால் கிழங்கு இல்லாத பக்கமாக வையுங்கள். கை நீளக் குச்சியாக வெட்டி, மழைக்கு முன்னால் ஒரு முழத்துக்கு ஒன்று ஊன்றினால் போதும். குச்சியில் வருவதற்கு ஆணிவேர் ஓடாது, விதை போட்டு வளர்த்தால்தான் ஆணிவேர். வேலிக்குக் குச்சியே போதும், இரண்டு வருடத்தில் அடைத்துக்கொள்ளும். கிளுவை கிடைத்தால் என் ஓட்டு அதற்குத்தான். முள்ளும் இருக்கிறது, காங்கயம் பக்கத்துக் கொரங்காடுகளில் (மேய்ச்சல் நிலங்களில்) எத்தனையோ தலைமுறையாக நிற்கிற வேலி அது.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் வாசல் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். விதை பார்க்கக் கொட்டை மாதிரி இருக்கும், கடித்தால் இனிப்பாகவும் இருக்கும், ஆனால் விஷம். மூன்று நான்கு தின்றாலே வாந்தியும் பேதியும் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஊரிலேயே பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் வேலியில் பறித்துத் தின்று, இரவோடு இரவாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அப்படி நடந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே கிளம்புங்கள், டாக்டரிடம் காட்ட ஒரு விதையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.