நான்காம் வாரத்திலேயே வைரஸ் இல்லையென்றால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. நாள்பட்ட ஹெபடைட்டிஸ் சி இருப்பதாகத் தெரியவந்து, சொஃபோஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் இரண்டும் சேர்ந்த மாத்திரையை 12 வாரங்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். நான்காம் வாரப் பரிசோதனையில் வைரஸ் தென்படவில்லை. இன்னும் தொடர வேண்டுமா? நெஞ்செரிச்சலுக்காகத் தினமும் ஒமெப்ரசோல் சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லத் தவறிவிட்டேன். அதனால் பாதிப்பு உண்டா?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். நீங்கள் சொல்லாமல் விட்ட ஒமெப்ரசோலைப் பற்றி, அடுத்த சந்திப்பு வரை காத்திராமல், இன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது இந்த இரண்டாவது விஷயம்தான்.

வெல்பட்டாஸ்விர் கரைவதற்கு வயிற்றில் அமிலம் இருக்க வேண்டும். ஒமெப்ரசோல் அந்த அமிலத்தையே குறைத்துவிடுவதால், மாத்திரையைத் தவறாமல் விழுங்கினாலும் இரத்தத்தில் சேரும் மருந்தின் அளவு குறைந்துவிடுகிறது. ஆகவே சிகிச்சை முடியும்வரை ஒமெப்ரசோலை விட்டுவிடுவதே நல்லது. விடவே முடியாத நிலை என்று மருத்துவர் கருதினால், வைரஸ் மாத்திரையை உணவோடு முதலில் சாப்பிட்டு, 4 மணி நேரம் கழித்து ஒமெப்ரசோலை 20 மில்லிகிராமுக்கு மிகாமல் எடுத்துக்கொள்ளும் முறை உண்டு. காலை உணவோடு முதலாவதைச் சாப்பிட்டால், மதிய வேளையில் மற்றது. அமிலத்தை முறிக்கும் திரவ மருந்துகளுக்கும் அதே 4 மணி நேர இடைவெளி தேவை.

வலிப்புக்கான கார்பமசெபைன், ஃபெனிட்டோயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை இந்த மருந்தின் அளவை வெகுவாகக் குறைத்துவிடுவதால் சேர்த்துத் தரப்படுவதில்லை. இதயத் துடிப்புச் சீர்கேட்டுக்கான அமியோடரோனோடு சொஃபோஸ்புவிர் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு மந்தமாகலாம். எனவே மூலிகை மருந்துகள் உட்பட நீங்கள் சாப்பிடும் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். சி அடங்கும்போது, உறங்கிக்கிடந்த பி வைரஸ் தலைதூக்கிக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடும்.

இனி உங்கள் முதல் கேள்வி. அறிக்கையில் 'தென்படவில்லை' என்று இருப்பதற்கு, இரத்தத்திலுள்ள வைரஸ், கருவி அளக்கக்கூடிய வரம்புக்குக் கீழே போய்விட்டது என்பதே பொருள். கல்லீரல் செல்களில் எஞ்சியது ஏதுமில்லை என்று அது உறுதி சொல்வதில்லை. சொஃபோஸ்புவிர் வைரஸின் மரபுப்பொருளைப் படியெடுக்கும் நொதியை முடக்குகிறது. வெல்பட்டாஸ்விர், வைரஸ் பெருகுவதற்குத் தேவையான மற்றொரு புரதத்தைத் தடுக்கிறது. இரண்டும் முழுக் காலமும் இடைவிடாமல் வேலை செய்தால்தான் எஞ்சியவையும் ஒழியும். பாதியில் நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகலாம். அப்படித் திரும்பி வருவது மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக இருந்தால் அடுத்த சிகிச்சை கடினமாகிவிடும். 24 அல்லது 48 வாரங்கள் இன்டர்ஃபெரான் ஊசி போட்டு, காய்ச்சலும் சோர்வும் தாங்கி, அப்படியும் பலர் குணமடையாமல் போன காலம் ஒன்று இருந்தது. இன்று 12 வாரங்களை முறையாக முடிப்பவர்களில் 100க்கு 95 பேருக்கு மேல் குணமடைகிறார்கள். எஞ்சியிருக்கும் 8 வாரங்களுக்காக அந்த வாய்ப்பை இழக்க வேண்டாம்.

ஒரு நாள் மறந்துவிட்டு, வழக்கமான நேரத்திலிருந்து 18 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் உடனே சாப்பிட்டுவிடுங்கள். அதையும் தாண்டிவிட்டால் அந்த வேளையை விட்டுவிட்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் ஒன்று மட்டும் சாப்பிட வேண்டும். ஒருபோதும் இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது.

குணமானதை உறுதிசெய்வது, கடைசி மாத்திரைக்குப் பிறகு 12 வாரங்கள் கழித்து, இரத்தத்தில் வைரஸின் மரபுப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்என்ஏ பரிசோதனை. அந்தத் தேதியை இப்போதே குறித்து வையுங்கள். வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனையோ குணமான பின்னும் பாசிட்டிவ் என்றே காட்டும். அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டதாக அஞ்சி வருபவர்கள் பலர். ஆனால் அந்த எதிர்ப்பொருள் மறுதொற்றைத் தடுக்காது. இந்த வைரஸுக்குத் தடுப்பூசியும் இல்லை. ஏற்கெனவே கல்லீரல் இறுகிச் சுருங்கத் தொடங்கியிருந்தால், வைரஸ் ஒழிந்த பிறகும் புற்றுநோய் வரும் வாய்ப்பு முற்றிலும் நீங்கிவிடாது என்பதால், 6 மாதங்களுக்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேனைத் தொடர வேண்டியிருக்கும். ஒமெப்ரசோலைப் பற்றிப் பேசும்போதே உங்கள் கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.