ஐந்து நாளுக்கு எழுதிய மாத்திரை

சென்ற நவம்பரில் வீட்டில் எல்லோருக்கும் வைரஸ் காய்ச்சல் வந்தது. டாக்டர் கொடுத்த வைட்டமின் சி, ஜிங்க் மாத்திரைகளை இன்றுவரை விடாமல் சாப்பிடுகிறோம். தைராய்டு, சர்க்கரை இரண்டும் உள்ள என் மாமியாருக்கு (68) வாரம் ஒரு வைட்டமின் டி பாக்கெட்டும் பாலில் கலந்து கொடுக்கிறேன். நிறுத்தினால் எதிர்ப்பு சக்தி குறைந்துவிடுமா?
– வாசகி, தேனி

பழைய சீட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள் அம்மா. மாத்திரைக்குப் பக்கத்தில் 5 நாள் அல்லது 10 நாள் என்று இருக்கும். அதற்கு மேல் வாங்கியதெல்லாம் நீங்களாகவே மெடிக்கலில் வாங்கியது.

உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கொரோனா காலத்தில் வந்தவர்களுக்கெல்லாம் சி, ஜிங்க் என்று எழுதித் தள்ளியவன்தான் நானும். கையில் வேறு மருந்தில்லை, கெடுதலும் இல்லையே என்று நினைத்தேன். 2021-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் ஒரு ஆய்வு முடிவை வெளியிட்டது. வீட்டிலிருந்தபடியே கொரோனாவைச் சமாளித்த 214 பேரில் சிலருக்குத் தினம் 8 கிராம் வைட்டமின் சி, சிலருக்கு 50 மி.கி. ஜிங்க், சிலருக்கு இரண்டும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு இரண்டுமே இல்லை. எல்லோரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் தேறினார்கள். அதோடு நானும் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

சளிக்கு வைட்டமின் சி என்ற நம்பிக்கை இன்னும் பழையது. இரண்டு நோபல் பரிசு வாங்கிய லைனஸ் பாலிங் 1970-ல் அதற்காகப் புத்தகமே எழுதினார். பிறகு வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வருடம் முழுக்க விழுங்கும் பெரியவர்களுக்குச் சளி சுமார் 8 சதவீதம் சீக்கிரம் போகிறது. அதாவது ஐந்து நாள் சளியில் அரை நாள்கூட மிச்சமில்லை. மூக்கு ஒழுக ஆரம்பித்த பிறகு போட்டால் அந்தப் பலனும் நிச்சயமில்லை. ஒரு நாள் தேவைக்கு ஒரு கொய்யாப்பழம் தாராளம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் வீட்டில் இருந்தால் அந்தச் சப்பும் மாத்திரையை இன்றே ஓரம் கட்டுங்கள்.

எனக்குக் கவலை ஜிங்க்தான். ஒருவர் காலில் மதமதப்பு என்று வந்தார். ரத்தமும் குறைவு. பி12 குறைபாடு என்று நினைத்து ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தேன், தேறவில்லை. அப்புறம்தான், தினம் இரண்டு ஜிங்க் மாத்திரையை ஒன்றரை வருடமாகப் போடுவதாகச் சொன்னார். சோதித்தால் உடம்பில் செம்பு குறைந்திருந்தது. ஜிங்க் அதிகமானால் குடல் செம்பை உள்ளே விடாது. பெரியவர்களுக்கு நாளைக்கு 40 மி.கி.தான் உச்சவரம்பு. உங்கள் அட்டையில் எவ்வளவு என்று பாருங்கள். முதல் கேள்வியிலேயே அவரிடம் மாத்திரை விவரம் கேட்காதது என் தப்பு.

மாமியார் விஷயம்: 60,000 யூனிட் பாக்கெட்டை வழக்கமாக வாரம் ஒன்று என எட்டு வாரம்தான் தருவோம். மாதக்கணக்கில் போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறலாம். தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல் வரும். முதல் இரண்டையும் சர்க்கரைதான் என்று நினைத்து விட்டுவிடுவீர்கள். அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கும் முன் ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) மூன்றும் பார்த்துவிடுங்கள். இரும்பு, கால்சியம் கலந்த மாத்திரை ஏதாவது சாப்பிட்டால், தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

நிறுத்தினால் எதிர்ப்பு சக்தி இறங்காது. பருப்பு, கீரை, முட்டை வீட்டில் இருக்கிறதுதானே?

இரண்டு வயதுப் பேரனுக்கு ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு. 14 நாளுக்கு ஜிங்க் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே நின்றுவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?
– வாசகர், அரியலூர்

கூடாது! மேலே ஒருவரை நிறுத்தச் சொல்லிவிட்டு உங்களைத் தொடரச் சொல்கிறேன் என்று பார்க்காதீர்கள். வயிற்றுப்போக்கில் குழந்தையின் உடம்பிலிருந்து ஜிங்க் வெளியேறிவிடுகிறது. அதை ஈடுகட்டினால் குடல் சீக்கிரம் ஆறும், அடுத்த சில மாதங்களில் மறுபடி வருவதும் குறையும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மி.கி. மாத்திரையை ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று கொடுக்கலாம். மறுபடி போனால் ஓ.ஆர்.எஸ். தயாராக இருக்கட்டும்.