துவைத்ததும் நைட்டியாகிப் போன டியூனிக்

கேள்வி: வெயிலுக்குப் போட லேஸ் டிசைனில் காட்டன் டியூனிக் (நீள மேல்சட்டை) பின்னினேன். இடுப்புக்குக் கீழே சரியாக நின்றது. ஒரு தடவை அலசிக் கொடியில் போட்டேன், முழங்கால் வரை இறங்கிவிட்டது. கம்பளி ஸ்வெட்டரில் இப்படி ஆனதில்லையே?
- வாசகி, கோவை

பதில்: கொடியில் போட்டீர்கள் பாருங்கள், பாதி வினை அங்கேதான். கம்பளியை இழுத்துவிட்டால் பழையபடி சுருங்கிக்கொள்ளும், பருத்திக்கு அந்தக் குணம் கிடையாது, அதுவும் ஈரத்தில் கனத்துப் போய்த் தொங்கும்போது லேஸில் இருக்கிற ஓட்டையெல்லாம் நீளவாக்கில் திறந்துகொள்ளும். இன்னொரு முறை நனைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி எடுத்து, பாயில் படுக்கவைத்து அகலவாக்கில் தட்டிவிட்டுக் காயவிடுங்கள். ஓரளவு ஏறும். முழுசாக ஏறாது. கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னியிருந்தால் அடி ஓரத்தைப் பிரித்து நாலு விரல் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்த தடவை மாதிரித்துண்டு (அளவு பார்க்க முதலில் பின்னும் சின்னத் துண்டு) போடாமல் ஆரம்பிக்காதீர்கள். நானும் ஒருமுறை சோம்பேறித்தனமாக விட்டுவிட்டுத் தோள் தெரிகிற கழுத்தோடு அலைந்தவள்தான். மெல்லிய காட்டன் நூல், 8 ஆம் நம்பர் ஊசி (4 மி.மீ.), 38 கண்ணி (ஊசியில் ஏறும் நூல் வளையம்) போதும். பின்னியதை அலசி, காயவைத்து, அடியில் நாலைந்து துணிக் கிளிப் மாட்டி ஒரு நாள் தொங்கவிட்டு, அப்புறம் தொங்கும் நிலையிலேயே அளந்து பாருங்கள். அங்குலத்துக்கு ஐந்தரைக் கண்ணி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மார்பு 36 என்றால், காற்றுப் போக 4 சேர்த்து 40, முன்பக்கம் 20 அங்குலம், ஆக 110 கண்ணி. 18 கண்ணிக்கு ஒருமுறை திரும்ப வருகிற அலை டிசைன் போட்டால் ஆறு முறை வந்து ஓரத்துக்கு ஒன்றொன்று மிஞ்சும், கணக்கு கச்சிதம்.

கேள்வி: அந்த 18 கண்ணி அலை டிசைனில் எனக்கு எண்ணிக்கை தப்பிக்கொண்டே இருக்கிறது. ஒரு ஓட்டை விட்டுப்போனால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டுமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: ஷெட்லாந்து தீவுகளில் சால்வைக்குப் போடுகிற 'ஓல்ட் ஷேல்'தானே? நாலு வரிசையில் ஒன்றில்தான் வேலையே இருக்கிறது. இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று தடவை, நூல் சுற்று (ஊசியில் நூலை ஒரு சுற்று சுற்றுவது, ஓட்டை விழுவது இதில்தான்) ஒன்று, நிட் (நேர்க்கண்ணி) ஒன்று என்று ஆறு தடவை, திரும்ப இரண்டிரண்டாக மூன்று தடவை. ஆறு கூடுகிறது, ஆறு குறைகிறது. 17 வந்தால் பெரும்பாலும் ஒரு நூல் சுற்றைத்தான் விட்டிருப்பீர்கள்.

பிரிக்கிற பயம் போக ஒரு வழி. இந்த ஓட்டை வரிசைக்கு முந்தின பர்ல் (எதிர்க்கண்ணி) வரிசை முடிந்ததும், வேறு நிறத் தையல் நூலைத் தையல் ஊசியில் கோர்த்து எல்லாக் கண்ணி வழியாகவும் ஓட்டி விட்டுவிடுங்கள். தப்பினால் அந்த நூல்வரைக்கும்தான் பிரியும், அங்கே கண்ணிகள் வரிசையாக நிற்கும், திரும்பப் பின்னல் ஊசியில் ஏற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: வெள்ளை லேஸுக்கு உள்ளே வெள்ளை ஸ்லிப் சரிதானே?
- வாசகி, சென்னை

பதில்: வேண்டாம், வெள்ளைதான் பளிச்சென்று தெரியும். உங்கள் தோல் நிறத்துக்குப் பக்கத்தில் வாங்குங்கள்.