இறைப்பு மிசினை ஒளித்தது பகிடியா, களவா?

கேள்வி: எனக்கு 21 வயது. ஒட்டுசுட்டான் பக்கம். பக்கத்துத் தோட்டக்கார அண்ணையின் தண்ணீர் இறைக்கிற மிசினை நானும் இரண்டு கூட்டாளிகளும் இரவில் தூக்கிப் பற்றைக்குள் ஒளித்துவிட்டோம். 'கொத்துரொட்டியும் சோடாவும் வாங்கித் தந்தால் மிசின் வரும்' என்று போனில் செய்தியும் அனுப்பினோம். அவர் சிரிக்கவில்லை. மூன்று நாள் இறைப்பில்லாமல் மிளகாய்க் கன்றுகள் வாடிவிட்டன. தூக்கும்போது விழுந்ததில் மிசினின் காபரேட்டரும் உடைந்துவிட்டது. இப்போது பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். பகிடிக்குச் செய்ததற்குத் தண்டனை உண்டா? கூட்டாளி ஒருவனுக்கு 16 வயதுதான்.

பதில்: உண்டு தம்பி. பகிடிக்குச் செய்தால் குற்றமில்லை என்று நமது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் எங்கும் சொல்லவில்லை. அவருக்கு நட்டம் வரும் என்று தெரிந்துகொண்டு செய்தீர்களா என்பதைத்தான் நீதவான் பார்ப்பார். வெயில் காலத்தில் மிசினைத் தூக்கினால் கன்று வாடும் என்பது வன்னியில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாது என்று யாரும் நம்பப்போவதில்லை.

ஒரு பொருளை உடைத்தால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். 408ஆம் பிரிவைப் பாருங்கள்: நட்டம் வரும் என்று தெரிந்தே ஒரு பொருளின் இருப்பிடத்தை மாற்றி, அதன் பயனைக் குறைத்தாலும் அது சொத்துக்குத் தீங்கு செய்ததாகும். மிசின் பற்றைக்குள் முழுதாகவே கிடந்திருந்தாலும் தோட்டத்துக்கு அது பயன்படவில்லை அல்லவா? சாதாரணமாக இதற்கு மூன்று மாதம் வரை சிறை. நட்டம் ஐம்பது ரூபாயோ அதற்கு மேலோ என்றால் இரண்டு வருடம் வரை போகலாம். ஐம்பது ரூபாய் 1883இல் கோவை எழுதியவர்களுக்குப் பெரிய காசு. இன்று அதற்குள் அடங்குகிற நட்டம் ஏதாவது இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம்.

ஆனால் எனக்கு அதைவிட யோசனையாக இருப்பது அந்தக் கொத்துரொட்டிதான். 'திருப்பிக் கொடுக்கத்தானே இருந்தோம், இது எப்படிக் களவாகும்?' என்று கேட்பீர்கள். ஒருவருடைய பொருளை எடுத்து வைத்துக்கொண்டு, ஏதாவது தந்தால்தான் திரும்பும் என்று நின்றால், அதைக் களவு என்று எடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. களவுக்கு மூன்று வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். செய்தி அனுப்பாமல் மறுநாள் காலையே மிசினைக் கொண்டுபோய் வைத்திருந்தால் கதை வேறு. சாதாரண புத்தியுள்ள எவரும் முறையிடாத அளவுக்குச் சின்னத் தொல்லையைக் குற்றமாக எடுக்கவேண்டாம் என்றும் அதே கோவை சொல்கிறது. செருப்பை ஒளிப்பது அதற்குள் வரும். மூன்று நாள் இறைப்பை நிறுத்துவது வராது.

காபரேட்டர் கைதவறி உடைந்தது என்று நீங்கள் சொல்லலாம், உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானாலும் நட்டஈடு கேட்டு அவர் தனியாகக் குடியியல் வழக்குப் போடலாம். 16 வயதுத் தம்பியும் தப்பமுடியாது. 2018இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குத்தான் முழு விலக்கு. 12க்கும் 14க்கும் இடைப்பட்டவருக்குத் தான் செய்வது விளங்கும் முதிர்ச்சி இருந்ததா என்று நீதவான் பார்த்து முடிவெடுப்பார். அந்தப் பிள்ளையைத் தாய் தகப்பன் இல்லாமல் பொலிஸுக்கு அனுப்பாதீர்கள். (இரவில் பற்றைக்குள் இறங்கியதற்கு வேறாக ஏசவேண்டும். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை எவ்வளவு காலமாக நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா?)

சரி, இப்போது செய்யவேண்டியது. பொலிஸ் கூப்பிட்டால் போங்கள், ஒளிந்து திரியாதீர்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்கவே வேண்டாம். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அலுவலகம் இருக்கிறது.

அயலவர்களுக்கிடையிலான இப்படியான பிணக்குகள் பெரும்பாலும் மத்தியஸ்த சபைக்குத்தான் போகும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த சபை அது. இரு பகுதியும் இணங்கினால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். வெளிநாட்டுக்குப் போகிற எண்ணம் உங்களுக்கு இருந்தால், பொலிஸ் நற்சான்று கேட்கும் நாளில் ஒரு தீர்ப்பு குறுக்கே நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அதற்கு முன் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அந்த அண்ணையிடம் நேரே போங்கள். மிசினைத் திருத்திக் கொடுப்பதோடு விடவேண்டாம், வாடிய கன்றுகளுக்கும் பணம் கொடுக்கவேண்டும். கணக்கில் இழுபறி வந்தால் கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரிடம் தோட்டத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 'பகிடிக்குத்தான் அண்ணை' என்று மட்டும் அங்கே தொடங்காதீர்கள், அவர் இரண்டாவது முறைப்பாடும் எழுதுவார். உங்கள் போனிலுள்ள செய்தியையும் அழிக்கவேண்டாம். சாட்சியத்தை அழிப்பது இன்னொரு குற்றம், அவருடைய போனில் அது எப்படியும் இருக்கத்தானே செய்யும்.