சொந்த மரபணுக்கள் இயங்கும் முன்பே கரு எப்படி வளர்கிறது?
தாய் முட்டைக்குள் சேர்த்துவைத்த எம்ஆர்என்ஏ செய்திகளால்தான் (புரதம் செய்வதற்கான மரபணுக் குறிப்பின் நகல்கள்). இவற்றில் பலவற்றுக்கு முனையில் உள்ள பாலி-ஏ வால் (அடினின் அலகுகளின் தொடர்) குட்டையாக இருக்கும். அதனால் புரதமாகாமல் காத்துக் கிடக்கும். முட்டை முதிரும்போது வால் நீளும், புரதம் செய்யும் ரைபோசோம் வாசிக்கத் தொடங்கும்.

செய்தி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பழ ஈயின் முட்டையில் பைகாய்டு என்ற மரபணுவின் எம்ஆர்என்ஏ முன்முனையில் மட்டும் கட்டுண்டிருக்கும். அதன் புரதம் செறிவான இடத்தில் தலை, சற்றுக் குறைந்த இடத்தில் மார்பு. தாயிடம் அந்த மரபணு பழுதென்றால் இரண்டுமே உருவாகாது. முன்முனையிலும் உடலின் வால் நுனி முளைக்கும். தந்தையிடமிருந்து நல்ல பிரதி வந்தும் பயனில்லை, காலம் கடந்துவிட்டது!

வேலை முடிந்த செய்திகள் சிதைய வேண்டும். சுண்டெலியில் 2 செல் நிலையிலும், மனிதரில் பெரும்பாலும் 4–8 செல் நிலையிலும் கருவின் மரபணுக்கள் பொறுப்பேற்கும். இந்தக் கைமாற்றம் தவறினால் கரு அங்கேயே நின்றுவிடும்.